உமிக் கரியும் சாயத் தண்ணீரும்

மேலூர், வாடிப்பட்டி, சோழவந்தான் பக்கங்களில் அறுவடை முடிந்து நெல் ஆலைகள் ஓடத் தொடங்கியதும், ஆலைகளின் பின்புறத்தில் உமி மலைபோல் குவிவதை நாம் வருஷந்தோறும் காண்கிறோம். 100 கிலோ நெல்லைக் குத்தினால் ஏறக்குறைய 20 கிலோ உமி மிஞ்சும். அதில் ஒரு பாகம் புழுங்கல் ஆலைகளின் கொதிகலனுக்கும், ஒரு பாகம் செங்கற் சூளைக்கும் போகிறது. மற்றதைக் காற்றில் பறக்க விடுகிறோம், அல்லது கொளுத்திவிடுகிறோம். நிலக்கடலைத் தொலி, தேங்காய்ச் சிரட்டை, தென்னை நார்க் கழிவு முதலியவற்றின் கதியும் பெரும்பாலும் இதுவே.

இவ்விதக் கழிவுகளைக் கொண்டு அசுத்தமான தண்ணீரைச் சுத்தி செய்யலாம் என்ற செய்தி இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. அதைக் கேட்ட மிராசுதார்கள் சிலர், சாயப்பட்டறைக் கழிவு கலந்த ஓடைக்கு அருகில் உள்ள தங்கள் கிணற்றில் நாலு மூட்டை உமிக் கரியைக் கொட்டினால் தண்ணீர் தெளிந்துவிடாதா என்று கேட்கிறார்கள். செய்தி பொய்யன்று. ஆனால் கிணற்றில் கொட்டுவதால் காரியம் ஆகாது; சில சமயங்களில் கெடுதலே உண்டாகும். கரி எதைப் பிடிக்கும், எதை விட்டுவிடும் என்பதை அறிந்துகொண்டால் அதை எங்கே வைத்து உபயோகிக்க வேண்டும் என்பது தானே விளங்கும்.

கலங்கல் வேறு, கரைசல் வேறு

தாவரப் பொருளால் தண்ணீரைத் தெளிய வைப்பது நம் நாட்டுக்குப் புதிதன்று. குடத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்து அதில் கண்மாய்த் தண்ணீரை ஊற்றி வைக்கும் வழக்கத்தை முதியோர் அறிவர். முருங்கை விதையும் அதே வேலையைச் செய்யும். சூடான் தேசத்துப் பெண்கள் நைல் நதியின் கலங்கல் தண்ணீரை முருங்கை இன விதையால் தெளிய வைப்பதைக் கண்டு, ஜான் என்னும் ஜெர்மானிய அம்மையார் அதை விரிவாக ஆராய்ந்து எழுதினார். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989-ல் வெளியிட்ட பி.கே.எம்.1 முருங்கை நம் பக்கத்தில் எங்கும் பயிராவதால் விதைக்குப் பஞ்சமில்லை. விதையிலுள்ள ஒருவகைப் புரதம், தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய களிமண் துகள்களைத் திரளச் செய்து அடியில் படிய வைக்கிறது. எண்ணெய் பிழிந்த பிண்ணாக்கிலும் இப்புரதம் இருக்கும். லிட்டருக்கு ஒரு பருப்பு வீதம் தோல் நீக்கி அரைத்துக் கலந்து, முதலில் வேகமாகவும் பிறகு பத்து நிமிஷம் மெதுவாகவும் கிளறி, ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் அசையாது வைக்க வேண்டும். தெளிந்ததை வடித்துக் காய்ச்சி அன்றைக்கே உபயோகிப்பது அவசியம். மறுநாளைக்கு வைத்தால் விதைச் சத்தே அழுகி நாற்றமெடுக்கும்.

ஆனால் இது மிதக்கும் மண்ணைப் படிய வைக்கும் வித்தை. தண்ணீரில் கரைந்துவிட்ட சாயம், உப்பு, உலோகம் இவற்றின் சங்கதி வேறு. கரைந்ததைப் பிடிப்பதற்குக் கரி தேவை.

கரியின் வேலை

கரி சாயத்தைத் தின்றுவிடுகிறது என்று சிலர் நினைக்கிறார்கள். அது தின்பதுமில்லை, அழிப்பதுமில்லை. கரித்துண்டு கண்ணுக்குத் திண்மையாய்த் தோன்றினாலும், உள்ளே எண்ணற்ற நுண்துளைகள் கொண்டது. அத்துளைகளின் சுவர்களில் சாயம் ஒட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. நன்றாகப் பதப்படுத்திய கரியின் ஒரு கிராமில் உள்ள உட்சுவர்களையெல்லாம் விரித்துப் பரப்பினால் சுமார் 1,000 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 25 சென்ட் நிலம், தேறும். ஒரு சிட்டிகைக் கரிக்குள் கால் ஏக்கர் அடங்கியிருக்கிறது என்றால் அதன் சக்தியை ஊகித்துக்கொள்ளலாம்.

நமக்குச் சமீபத்திலேயே இதைக் கணக்கிட்டுப் பார்த்திருக்கிறார்கள். சிவகாசி அய்யநாடார் ஜானகி அம்மாள் கல்லூரியைச் சேர்ந்த ந. கண்ணன், மீனாட்சி சுந்தரம் ஆகிய இருவரும் வைக்கோல், உமி, சிரட்டை, நிலக்கடலைத் தொலி, மூங்கில் தூள் ஆகியவற்றிலிருந்து கரி தயாரித்து, மெதிலீன் நீலம் என்ற சாயத்தை ஒவ்வொன்றும் எவ்வளவு பிடிக்கிறது என்று பரீக்ஷித்து 2001-ல் வெளியிட்டார்கள். ஒரு கிராம் கரி மிகுதியாய் ஏற்கக்கூடிய சாயம் வைக்கோற் கரிக்கு 472 மில்லிகிராம், உமிக் கரிக்கு 343, சிரட்டைக் கரிக்கு 278, கடலைத் தொலிக் கரிக்கு 165, மூங்கில் தூளுக்கு 143. கடையில் விலைக்கு வாங்கிய கரி 980 மில்லிகிராம் ஏற்றது. வீட்டுக் கழிவு விலைக் கரிக்கு ஈடாகவில்லை என்பது உண்மையே; எனினும் நாம் கொளுத்தித் தள்ளும் வைக்கோல் அதில் ஏறக்குறையப் பாதி வேலை செய்கிறது. கோயமுத்தூர் பாரதியார் பல்கலைக்கழகத்தில் நமசிவாயம், கதிர்வேலு ஆகியோர் தென்னை நார்க் கழிவுக் கரியைக் கொண்டு சாயப்பட்டறைக் கழிவு நீரைச் சோதித்து 1994-ல் எழுதியதும் இவ்வகையைச் சேர்ந்ததே.

இந்த எண்களை அப்படியே வயலுக்குக் கொண்டுவந்துவிடக் கூடாது. ஆய்வுக்கூடத்தில் ஒரே சாயத்தைச் சுத்த நீரில் கரைத்து, கரியை மாவாக்கிக் கலக்கியிருப்பார்கள். வாய்க்கால் தண்ணீரில் சாயத்தோடு சோப்பு, கஞ்சிப்பசை, சாக்கடை எல்லாம் கலந்து வந்து கரியின் துளைகளை அடைத்துக்கொள்ளும். மேலும் சாயங்களில் ஜாதி பேதம் உண்டு. மெதிலீன் நீலம் நேர் மின்னேற்றம் உடையது. உமியின் மேற்பரப்பு தண்ணீரில் எதிர் மின்னேற்றம் கொள்வது. ஆகவே இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். பருத்தி நூலுக்குத் தற்காலம் மிகுதியாய்ப் போடும் ரியாக்டிவ் சாயங்களோ எதிர் மின்னேற்றம் உடையவை. அவற்றைப் பச்சை உமி பிடிப்பது மிகச் சொற்பம். பதப்படுத்திய கரி பிடிக்கும், அதுவும் தண்ணீரின் காரத்தைக் குறைத்தால் கூடுதலாய்ப் பிடிக்கும். எந்தச் சாயம் என்று கேட்காமல் உமி எல்லாவற்றையும் நீக்கும் என்று எவரேனும் சொன்னால், அவர் சொல்வதை நம்ப வேண்டியதில்லை.

உமிக் கரி சுடும் விதம்

இதற்குப் பெரிய யந்திரம் வேண்டியதில்லை. பழைய தகர டப்பாவில் பக்கவாட்டில் ஆணியால் நெருக்கமாய்த் துளைகள் இட்டு, அதன் மேல் ஆளுயரத் தகரக் குழாய் ஒன்றைப் புகைபோக்கியாகப் பொருத்த வேண்டும. காற்று அதிகம் இல்லாத நாளில், களத்தில் சிறு நெருப்பு மூட்டி அதன்மேல் டப்பாவைக் கவிழ்த்து, சுற்றிலும் உலர்ந்த உமியைக் கூம்பாகக் குவிக்க வேண்டும். உமி சுவாலையின்றி உள்ளிருந்து வெளிப்புறமாய்க் கறுத்துக்கொண்டு வரும். கருநிறம் வெளியே தெரியும் இடங்களில் மண்வெட்டியால் வெளி உமியை மேலே தள்ளிக்கொண்டிருக்க வேண்டும். குவியல் முழுவதும் கறுத்தவுடன் தாமதமின்றி விரித்துத் தண்ணீர் தெளித்து அணைத்துவிட வேண்டும். இங்கே அசட்டையாயிருந்தால் கரி சாம்பலாய்ப் போகும். வெளுத்த உமிச் சாம்பல் பெரும்பாலும் மணற்சத்தேயன்றிக் கரியன்று; பாத்திரம் துலக்க உதவுமேயொழியச் சாயம் பிடிக்க அதிகம் உதவாது. ஆலைக் கொதிகலனிலிருந்து கிடைக்கும் சாம்பலை வாங்குவோர் கறுப்பா வெளுப்பா என்று பார்த்து வாங்க வேண்டும்.

மூன்று பங்கு உமிக்கு ஏறக்குறைய ஒரு பங்கு கரி நிற்கும். அதைக் கழுவும் தண்ணீர் தெளிவாய் வரும்வரை நாலைந்து முறை கழுவிக் காய வைக்க வேண்டும். இல்லாவிடில் அதிலுள்ள சாம்பற்காரம் தண்ணீரில் இறங்கும். பீப்பாயின் அடியில் சரளையும், அதன்மேல் மணலும், அதன்மேல் ஒரு முழ உயரத்துக்குக் கரியும், கரி மிதக்காமலிருக்க மேலே மறுபடியும் மணலும் பரப்பினால் வடிகட்டி ஆயிற்று. தண்ணீர் நூல்போல் மெல்ல இறங்க வேண்டும். ஆய்வுக்கூடத்துக் கரியை இரசாயனத்தாலோ மிகுந்த உஷ்ணத்தாலோ பதப்படுத்துவார்கள். களத்தில் சுட்ட கரி அதற்குச் சமமாகாது என்பதை மறக்க வேண்டாம்.

கரியின் சக்தியையும் அதன் எல்லையையும் கண்ணாலே காண விரும்புவோர் ஒரு சிறு பரீக்ஷை செய்யலாம். மருந்துக் கடையில் கிடைக்கும் ஜென்ஷன் வயலட் மருந்தில் இரண்டொரு சொட்டு ஒரு லிட்டர் தண்ணீரில் விட்டு, கரி நிறைந்த குழாய் வழியாக மெல்ல இறக்கினால், கீழே நிறமற்ற தண்ணீர் வரும். பிறகு புதிய கரி வைத்து, நல்ல தண்ணீரில் ஒரு கரண்டி சமையல் உப்பைக் கரைத்து அவ்விதமே இறக்கினால், மேலே எவ்வளவு கரித்ததோ அவ்வளவும் கீழேயும் கரிக்கும். நாம் சொல்ல வந்தது முழுவதும் இந்த இரண்டு குழாய்களில் அடங்கியிருக்கிறது.

உப்பு என்னும் மறைந்த சத்துரு

பருத்திக்கு ரியாக்டிவ் சாயம் ஏற்றும்போது, சாயம் நூலில் பிடிப்பதற்காகத் தொட்டியில் லிட்டருக்குப் பல பத்துக் கிராம் சமையல் உப்போ சோடியம் சல்பேட்டோ போடுகிறார்கள். சாயத்தில் பெரும்பகுதி நூலோடு போய்விடும். உப்போ அவ்வளவும் கழிவு நீரோடு வெளியேறும். கரி நிறத்தை நீக்கிவிட்டால் கண்ணுக்குத் தண்ணீர் பளிங்குபோல் தெரியும். உப்பு அப்படியே இருக்கும். சிவந்த தண்ணீரைக் கண்டு வாய்மடையை அடைத்துவிடும் குடியானவர், தெளிந்த தண்ணீரைக் கண்டு தயங்காமல் திறந்துவிடுவார். இரண்டு மூன்று பட்டத்துக்குள் மண் இறுகி, மேலே வெள்ளை பூத்து, நாற்று நுனி கருகத் தொடங்கிய பிறகுதான் சங்கதி தெரியவரும். அரைகுறைச் சுத்தி சில வேளைகளில் அசுத்தத்தைவிட அபாயமாவது இதனால்தான்.

நொய்யல் ஆற்றில் நடந்தது யாவரும் அறிந்தது. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு, பாசனத்துக்கென்று கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, அந்தத் தண்ணீர் பயிருக்கு உதவாமற் போனதோடு சுற்றுப்புறக் கிணறுகளும் கெட்டன. ஆயக்கட்டுதாரர்கள் நீதிமன்றம் போய், வருஷக்கணக்காய் வழக்காடினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவு நீர் ஒரு சொட்டும் வெளியே விடாதபடி ஏற்பாடு செய்யாத பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அங்கே வயலைக் கெடுத்ததில் நிறத்தைவிட உப்புக்கே பங்கு அதிகம். திண்டுக்கல் தோல் பதனிடும் சாலைகளால் கெட்ட கிணறுகளின் கதையும் இதற்கு அயலானதன்று. 1996 ஆகஸ்டில் தோல் சாலைகளைப் பற்றி உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில் திண்டுக்கல்லும் சேர்ந்திருந்தது.

உப்பின் அளவை மின்கடத்தும் திறனால் அறியலாம். கிணற்றுத் தண்ணீரின் கடத்துதிறன் மீட்டருக்கு 3 டெசிசீமென்சுக்கு மேற்பட்டால் பாசனத்துக்கு மிகுந்த எச்சரிக்கை வேண்டும். நெல்லுக்கோ வேர் மண்ணின் உப்பு அந்த அளவைத் தாண்டியதும் விளைச்சல் இறங்கத் தொடங்கும்.

புளோரைடும் இத்தகைய மறைவான தோஷமே. 1937-ல் பழைய சென்னை மாகாணத்து நெல்லூர் ஜில்லாவில் ஷார்ட் முதலிய வைத்தியர்கள் இந்நோயைக் கண்டு எழுதினார்கள். தண்ணீர் தெளிவாயும் சுவையாயும் இருக்கும். குழந்தைகளின் பல் பழுக்கும். நாளடைவில் முதுகெலும்பு விறைக்கும். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பதே விரும்பத்தக்கது, 1.5-ஐத் தாண்டலாகாது. சாதாரண உமிக் கரி இதைப் பிடிக்காது. காய்ச்சினாலோ நீர் வற்றி, நஞ்சு செறியும். திண்டுக்கல் பக்கத்துக் கிராமங்களில் ஆழ்குழாய்க் கிணறு இறக்குவோர் குடிக்கத் தொடங்குமுன் இதற்கெனத் தனியே பரீக்ஷை செய்துகொள்வது அவசியம்.

ஏக்கர் கணக்கு

சாயத்தை மட்டுமே நீக்குவதாக வைத்துக்கொண்டாலும் வயலில் கணக்கு கட்டுமா என்று பார்ப்போம். ஒரு ஏக்கருக்கு 5 சென்டிமீட்டர் உயரம் ஒரு தடவை தண்ணீர் கட்டினால் சுமார் 2 லட்சம் லிட்டர் செலவாகும். லிட்டருக்கு 50 மில்லிகிராம் சாயம் கலந்திருந்தால் மொத்தம் 10 கிலோ சாயம். சிவகாசிக் கணக்கின்படி 30 கிலோ உமிக் கரி போதும் போலத் தோன்றும். களத்தில் சுட்ட கரி, சாக்கடை கலந்த தண்ணீரில், அதில் ஏழில் ஒரு பங்கு வேலை செய்வதாகக் கொண்டால், கிலோவுக்கு 50 கிராம் வீதம் 200 கிலோ கரி வேண்டும். அதற்கு 600 கிலோ உமி. அவ்வளவு உமிக்கு 3,000 கிலோ நெல். அதாவது அந்த ஏக்கர் விளைவிக்கும் நெல் முழுவதையும் குத்தி உமி எடுத்தாலும் ஒரு தடவைத் தண்ணீருக்கே காணாது. பட்டம் முடிய இருபதுக்கு மேற்பட்ட தடவை கட்ட வேண்டிய பயிருக்கு இது நடக்கக்கூடிய காரியமன்று.

இதே கணக்கைப் பட்டறையின் வாசலில் போட்டுப் பார்க்கலாம். சாயம் ஏற்றி முடிந்த 500 லிட்டர்த் தொட்டியில் லிட்டருக்கு ஒரு கிராம் சாயம் மிஞ்சியிருந்தால் மொத்தம் அரைக் கிலோ. கிலோவுக்கு 50 கிராம் என்ற அதே குறைந்த கணக்கில் 10 கிலோ கரி போதும். அது 30 கிலோ உமி. உண்மையில் இன்னும் குறைவே செல்லும். ஏனென்றால் சாயம் செறிந்திருக்கும்போது கரி மிகுதியாய் ஏற்கும், நீர்த்துப் பரவிவிட்டால் சொற்பமாய்த்தான் ஏற்கும். பத்துக் கிலோ கரியைத் தனியே எடுத்து வைப்பது எளிது. கிணறும் வாய்க்காலும் நிறையக் கரியைப் போட்டுப் பிறகு தேடி எடுப்பது ஆகிற வேலையன்று. எனவே கரிக்கு உரிய இடம் நம் வாய்மடையன்று, பட்டறையின் மடையே என்பது எமது அபிப்பிராயம். அங்கேயும் கரிக்குப் பின் உப்பை நீக்க வேறு ஏற்பாடு வேண்டும். அந்தச் செலவு தொழில் நடத்துவோருடையது, கீழ்மடைக் குடியானவருடையதன்று.

மதுரைச் சுங்குடித் தொழிலைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. சௌராஷ்டிர சமூகத்தார் தலைமுறைகளாய் வளர்த்துவரும் அத்தொழில் 2005-ல் புவிசார் குறியீடும் பெற்றது. வீட்டின் பின்கட்டில் இரண்டு மூன்று அண்டா வைத்துச் சாயம் தோய்க்கும் சிறு குடும்பங்களுக்குப் பெரிய சுத்திகரிப்பு ஆலை கட்டும் சக்தி ஏது? ஒரு பீப்பாய் கரி வடிகட்டி அவர்களுக்கு ஏற்ற அளவு. உமிக் கரியைச் சுட்டுக் கழுவி மூட்டையாக்கி அவர்களுக்கு விற்க, நெல் ஆலை உள்ள ஊர்களில் நாலு பேர் முன்வந்தால் இரு தரப்புக்கும் நன்மை உண்டு.

சாயம் பிடித்த கரியை என்ன செய்வது

இதை அநேகர் யோசிப்பதில்லை. முன்பே சொன்னபடி சாயமும் உலோகமும் கரியில் அழிவதில்லை, ஒட்டி நிற்கின்றன. அந்தக் கரியைக் குப்பைக்குழியில் போட்டு எருவோடு வயலுக்கு அனுப்பினால், வாய்க்காலில் தடுத்ததை வண்டியில் ஏற்றி வந்து கொட்டியதாகும். அடுப்பில் எரிப்பதும் தகாது. தோல் பதனிடும் சாலையின் குரோமியம் ஏறிய கரி ஆபத்தான கழிவு வகையைச் சேர்ந்தது. சர்க்கார் அனுமதி பெற்ற கழிவுக் கிடங்குக்கே அது போக வேண்டும். சாயக் கரியையும் மழைபடாமல் மூடி வைத்து, எங்கே சேர்ப்பதென்று மாசு கட்டுப்பாட்டு வாரிய அதிகாரியைக் கேட்டே அகற்ற வேண்டும். ஒன்றும் ஏறாத சுத்தமான உமிக் கரியானால், நாற்றங்காலில் தூவ அதைவிட நல்லது குறைவு. மண் பொலபொலப்பாகி நாற்று பிடுங்குவதற்கு இலேசாய் வரும்.

கிராம அதிகாரிகளுக்கு

கிருதுமால் நதியிலும் நகரை ஒட்டிய கண்மாய்களிலும் வரும் தண்ணீர் பெரும்பாலும் நகரத்துச் சாக்கடை கலந்தது. சாயம் கண்ணுக்குப் படுவதால் குற்றம் முழுவதும் சாயத்தினதே என்று முடிவு கட்டிவிடக் கூடாது. புகார் எழுதுமுன் பரீக்ஷை அறிக்கை கையில் இருப்பது நலம். கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவரும் சேர்ந்து, ஓடைக்கு மேற்புறம் ஒரு கிணறு, கீழ்ப்புறம் இரண்டு கிணறு என்று குறித்துக்கொண்டு, சித்திரையில் ஒரு முறையும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் புரட்டாசியில் ஒரு முறையும் மாதிரி எடுக்கலாம். மோட்டாரைப் பத்துப் பதினைந்து நிமிஷம் ஓடவிட்ட பிறகு, அதே தண்ணீரால் மும்முறை அலம்பிய அரை லிட்டர் பிளாஸ்டிக் சீசாவில் காற்றிடமின்றி நிரப்பி மூட வேண்டும். மருந்துச் சீசா, எண்ணெய்ச் சீசா ஆகாது. உரியவர் பெயர், சர்வே நம்பர், கிணற்றின் ஆழம், பயிர், எடுத்த தேதி இவற்றைப் பென்சிலால் எழுதிக் கட்டி, அன்றோ மறுநாளோ வேளாண்மை இலாகாவின் மண், நீர்ப் பரிசோதனை நிலையத்தில் சேர்க்க வேண்டும். கடத்துதிறன், கார அமிலத் தன்மை, சோடியம், குளோரைடு ஆகியவற்றைக் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். குடிநீருக்கானால் புளோரைடையும் சேர்த்துக் கேட்க வேண்டும். அதற்கு மாதிரி தனிச் சீசாவில் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்துக்குப் போக வேண்டும். முதல் வருஷத்து அறிக்கையை ஊராட்சி அலுவலகத்தில் பத்திரப்படுத்தி வைத்தால், மறு வருஷம் ஒப்பிட்டுப் பார்க்க அதுவே ஆதாரமாகும்.